காலி என்று யார் சொல்வது?

என் அம்மா திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் காத்திருந்த நேரத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்ணகி நகரில் பஸ் ஏறித் திருவான்மியூர் வரும். அங்கே ரயில் பிடித்து ஐந்தாவது நிறுத்தமான மந்தைவெளியில் இறங்கும். மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, தரை துடைத்துவிட்டு அதே வழியில் திரும்பும். ரயில் ஓடுகிற நேரம் பத்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். ஒரு வண்டி தவறினால் அடுத்ததற்குக் கால் மணி, சில நேரம் அரை மணி.

போகக் கால் மணி, வரக் கால் மணி என்று வைத்தேன். நாளைக்கு அரை மணி. மாதம் இருபத்தாறு நாள் வேலை என்றால் பதின்மூன்று மணி நேரம். வருஷத்துக்கு 156 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் பத்தொன்பதரை நாள். 2011-லிருந்து 2022 வரை பதினொரு வருஷம் அம்மா அந்த ரயிலில் போனது. கொரோனாவில் ரயில் நின்ற காலத்தைக் கழித்தாலும் கணக்கு இருநூறு நாளை நெருங்குகிறது.

இந்த இருநூறு நாளுக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. அதை யாரும் திருடியதாகவும் வழக்கில்லை. அம்மாவிடம் கணக்கைச் சொன்னேன். "அத்த இன்னாத்துக்குடா எண்ணினுகீற? குந்தினுதானே இருந்தேன்" என்றது.

குந்திக்கொண்டுதானே இருந்தேன். அந்த நேரம் காலி நேரம் என்று அம்மாவும் நம்புகிறது. 'காலி' என்கிற இந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன். நிலத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள், ரயிலைப் பார்த்துச் சொல்கிறார்கள், எங்கள் நேரத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். காலி. இதைச் சொல்கிற அதிகாரம் யாருக்கு இருக்கிறது?

*

பறக்கும் ரயில் என்பது சனங்கள் வைத்த பெயர். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 1997-இல் திருமயிலைக்கு வந்தது. 2004-இல் திருவான்மியூருக்கும் 2007-இல் வேளச்சேரிக்கும் நீண்டது. மொத்தம் சுமார் 19 கிலோமீட்டர். இந்த நீளத்தைக் கட்ட ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது.

இதன் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டும் போகிறது. காரணம் எளிது. நகரத்தின் நடுவில் வீடு கட்டிப் பட்டா வைத்திருப்பவனிடம் இடம் வாங்க வேண்டும், நஷ்டஈடு கொடுக்க வேண்டும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும். கால்வாய் அரசாங்கப் புறம்போக்கு. வரைபடத்தில் அது காலி இடம்.

அந்தக் காலி இடத்தில் நாங்கள் இருந்தோம்.

கால்வாயின் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற நகரப் பகுதிக் கால்வாய் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கஞ்சிக்கு வழியில்லாமல் பட்டணத்துக்கு வந்தவர்கள் கூலிக்கு மண் சுமந்து வெட்டிய கால்வாய். அன்றைய கவர்னரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பஞ்சத்தில் முதலில் ஊரைவிட்டுக் கிளம்புகிறவர்கள் யார், முதலில் சாகிறவர்கள் யார் என்று இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நிலமில்லாதவன் வெட்டிய கால்வாயின் கரையில் நிலமில்லாதவன் குடிசை போட்டான். அதில் என்ன ஆக்கிரமிப்பு இருக்கிறது?

எங்கள் தாத்தா அந்தக் கரைக்கு வந்தது எப்போது என்று வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அப்பா அங்கே பிறந்தார். நானும் அங்கே பிறந்தேன். மந்தைவெளிப் பக்கம் கரையில் நாற்பது, ஐம்பது வீடுகள். அம்மா வேலை செய்த வீடுகள் நடக்கிற தூரம். ஐந்தரைக்குக் கிளம்பினால் ஆறுக்கு முதல் வீட்டு வாசலைத் தெளித்திருக்கும். ஒன்பதுக்கு வந்து எங்களுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு மறுபடி போகும். ரயில் தேவைப்படவில்லை. பஸ் தேவைப்படவில்லை. நாற்றம் இருந்தது, கொசு இருந்தது, மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. இதையெல்லாம் அழகாக்கிச் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அம்மாவின் நேரம் அம்மாவின் கையில் இருந்தது.

2001-இல் வந்து சொன்னார்கள்: இடத்தைக் காலி பண்ணு.

தமிழில் இந்தச் சொல்லின் விசித்திரத்தைப் பாருங்கள். முதலில் காலி இடம் என்று எழுதுகிறார்கள். பிறகு அங்கே இருப்பவனை வந்து காலி பண்ணு என்கிறார்கள். முதலில் எழுதியது பொய் என்று இரண்டாவது சொல்வதே காட்டிக் கொடுக்கிறது. ஆனாலும் பொய்தான் ஜெயித்தது. சாமான்களை லாரியில் ஏற்றிக் கண்ணகி நகரில் இறக்கினார்கள். ஒரே அறை, ஒரு அடுப்பு மூலை. அப்பா அங்கே போன மூன்றாவது வருஷம் இறந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று என்னால் சொல்ல முடியாது. அதனால் சொல்லவில்லை.

ஊரும் சேரியும் என்பது கிராமத்து விஷயம், பட்டணத்தில் சாதி இல்லை என்று பேசுகிறவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். 2000-த்திலிருந்து சென்னை தன் கால்வாய்க் கரைகளையும் ஆற்றங்கரைகளையும் அள்ளிக் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தை ஒட்டிக் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு வெளியே, தாழ்ந்த இடத்தில், வேலைக்கு மட்டும் ஊருக்குள் வந்துபோகிற தூரத்தில். மனு எழுதியதை நகரத் திட்டமிடல் என்ற பெயரில் எழுதியிருக்கிறார்கள். அள்ளுவது இன்னும் நிற்கவில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் இதே கால்வாய் ஓரம் வீடுகளை இடித்தபோது ஒருவர் தன்மேல் தீ வைத்துக்கொண்டு செத்தார். கோர்ட் உத்தரவுப்படிதான் இடித்தார்கள். அதனால் அது கொலைக் கணக்கில் வரவில்லை.

*

இப்போது இரண்டாவது காலி. ரயில் காலியாக ஓடுகிறது என்கிறார்கள்.

நிலையங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மைதானம்போல் கூடங்கள். கடைகளுக்காகக் கட்டி ஆள் வராமல் பாழாய்க் கிடக்கிற மாடிகள். சாயங்காலத்துக்குமேல் தனியாக ஒரு பெண் அந்தப் படிகளில் ஏற யோசிப்பாள். வெளியே வந்தால் பஸ் நிறுத்தம் எங்கோ இருக்கும். இவ்வளவு பணத்தைக் கொட்டிக் கட்டியதற்கு ஆளே ஏறுவதில்லை, இது தோற்றுப்போன திட்டம் என்று படித்தவர்கள் பல வருஷமாக எழுதிவருகிறார்கள்.

ஆளே ஏறுவதில்லை என்றால், அம்மா யார்? காலை ஆறு மணி வண்டியில் அம்மாவோடு ஏறுகிற பூக்காரம்மாக்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், அலுவலகம் கூட்டுகிறவர்கள், ஓட்டல் மாஸ்டர்கள், கட்டடத்துக்குப் போகிற பையன்கள் எல்லாம் யார்? எண்ணிக்கை குறைவு என்பது உண்மை. குறைவு என்பதை இல்லை என்று எழுதுவதுதான் பழைய பழக்கம்.

எண்ணிக்கை ஏன் குறைவு என்பதையும் பார்க்க வேண்டும். அரை மணிக்கு ஒரு வண்டி விட்டால், நேரம் பார்க்காமல் நிலையத்துக்கு வருகிறவன் சராசரியாகக் கால் மணி காத்திருக்கிறான். ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று விட்டால் இரண்டரை நிமிஷம். பத்து நிமிஷப் பயணத்துக்குக் கால் மணி காத்திருக்க யார் வருவார்கள்? வேறு வழி உள்ளவன் வரமாட்டான். பைக் வைத்திருப்பவன் பைக்கில் போவான். மிச்சம் இருப்பவர்கள் ஐந்து ரூபாய் டிக்கெட்டை விட்டால் வழியில்லாதவர்கள். அப்புறம், ஆள் இல்லை அதனால் வண்டியைக் கூட்ட முடியாது என்பார்கள். வண்டி இல்லாததால் ஆள் இல்லை, ஆள் இல்லாததால் வண்டி இல்லை.

இந்தத் தர்க்கம் நமக்குப் புதுசா? சேரிப் பிள்ளைகள் படிக்க வருவதில்லை, அதனால் பள்ளிக்கூடம் எதற்கு என்றார்கள். சேரிக்கு வண்டி வருவதில்லை, அதனால் ரோடு எதற்கு என்றார்கள். முதலில் கொடுக்காமல் இருப்பது, பிறகு வாங்க ஆளில்லை என்பது.

2023 ஆகஸ்டில் நான்காவது தண்டவாளம் போடுவதற்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையில் பறக்கும் ரயிலை நிறுத்தினார்கள். ஏழு மாதம் என்றார்கள். பதினான்கு மாதம் ஆகி, 2024 அக்டோபர் கடைசியில்தான் திரும்ப ஓடியது. வேலை தாமதமாவது உலகத்தில் நடக்கிறதுதான். ஆனால் இதே பதினான்கு மாதம் விமான நிலையத்துக்குப் போகிற ஒரு பாதை அடைபட்டிருந்தால் எவ்வளவு சத்தம் வந்திருக்கும்? காத்திருக்கிறவன் யார் என்பதைப் பொறுத்துத்தான் தாமதம் என்பது செய்தியாகிறது.

*

இனி இப்போதைய விஷயம். பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோவோடு சேர்ப்பதற்கு 2025-இல் ரயில்வே வாரியம் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. மெட்ரோ எடுத்துக்கொண்டால் நிலையங்களைச் சரிசெய்யலாம், புது வண்டிகள் விடலாம், சில நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்று ஓட்டலாம். எங்கள் பகுதித் தோழர்கள் இதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். எதிர்ப்பு மனு ஒன்று எழுதி வைத்திருந்தார்கள். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

மனுவில் இருந்த வாதம் பலவீனமானதல்ல. பறக்கும் ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் குறைந்தது 10, அதிகம் 50. வண்டி அடிக்கடி வரும், ஆனால் அம்மா மாதிரி ஆட்கள் அதில் ஏற முடியாது. பாதை ஓரத்தில் வாடகை ஏறும். மிச்சம் இருக்கிற குடிசைகளும் போகும். ரயில்வே வேலையில் நமக்கு இடஒதுக்கீடு உண்டு. மெட்ரோ நிலையத்தில் கூட்டுகிற வேலையும் காவல் வேலையும் ஒப்பந்தக்காரன் கையில் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் ஒதுக்கீடு ஏது? கூட்டுகிற வேலை மட்டும் ஒதுக்கீடு இல்லாமலே நம்மிடம் வந்து சேரும்.

இது வெறும் பயம் என்று ஒதுக்க முடியாது. வெளிநாட்டில் நடந்திருக்கிறது. லண்டன் வடக்குப் பகுதியில் ஆள் குறைந்து, நிலையம் பாழடைந்து கிடந்த புறநகர்ப் பாதைகளை 2007-இல் நகரப் போக்குவரத்து நிர்வாகம் எடுத்துக்கொண்டது. வண்டிகளைக் கூட்டினார்கள். ரயில் ஓடுகிற நேரம் முழுக்க நிலையத்தில் ஊழியர் இருக்க ஏற்பாடு செய்தார்கள். கூட்டம் பல மடங்கு ஆனது. ஆள் இல்லை என்று சொன்னது பொய், வண்டி இல்லை என்பதே மெய் என்று நிரூபணமானது. கூடவே இன்னொன்றும் நடந்தது. அந்தப் பாதை போகிற ஹாக்னி மாதிரியான ஏழைப் பகுதிகளில் வாடகை ஏறியது. அதற்கு ரயில் மட்டும் காரணமில்லை, ஆனால் ரயிலும் ஒரு காரணம். மோசமான ரயிலைச் சகித்துக்கொண்டு இருந்தவர்களில் பலர் நல்ல ரயில் வந்தபோது அங்கே இருக்க முடியவில்லை.

ஆக, தோழர்கள் சொன்னது சரிதான். அப்படியும் எனக்குக் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னது இது:

"ரயிலு வெரசா வர்றது நல்லதுதானடா? அத்த வாணான்னு சொல்றதுக்கு ஒரு மீட்டிங்கா? மீட்டிங் போட்டவங்கள்லாம் எதுல வந்தாங்க, கேட்டியா?"

எல்லோரும் பைக்கில் வந்திருந்தோம். நானும்தான்.

அடுத்துச் சொன்னது: "லேட்டா போனா அந்த வூட்டம்மா மூஞ்சியப் பாக்கவே முடியாது. நீ இன்னாடா சொல்லப் போற, அரை நாள் சம்பளம் போனது உனுக்கா எனுக்கா?"

அம்மா ஒரு வீட்டு வேலையை இழந்தது இந்த அரை மணியில்தான். தொடர்ந்து மூன்று நாள் தாமதம். மூன்றாவது நாள் வேறு ஆள் நின்றுகொண்டிருந்தாள். அம்மா அந்த வீட்டில் ஒன்பது வருஷம் வேலை செய்தது. அந்த வீட்டம்மாவை அம்மா எப்போதும் "ம்மா" என்று கூப்பிடும். அந்த அம்மாளோ என் அம்மாவைவிட இருபது வயசு சின்னவள், பெயர் சொல்லி நீ, வா, போ என்பாள். ரயில் தாமதம் என்று அம்மா சொன்னபோது, "அது உன் பிரச்சினை" என்றாளாம்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. நேரம் என்பது எல்லோருக்கும் ஒன்றாக ஓடவில்லை. ஒருவர் பத்து நிமிஷம் காத்திருந்தால் அது நாட்டுக்கு நஷ்டம், அதற்காக மேம்பாலம் கட்டுவார்கள். இன்னொருவர் இருநூறு நாள் காத்திருந்தால் அது அவர் பிரச்சினை. தீண்டாமையை நாம் இடத்தில்தான் பார்த்துப் பழகியிருக்கிறோம்: கோயில், கிணறு, தெரு, சுடுகாடு. நேரத்திலும் அது இருக்கிறது. காக்க வைப்பது அதிகாரத்தின் அடையாளம். பண்ணை வீட்டு வாசலில் கூலிக்கு நம் பாட்டன் காத்து நின்றான். தாலுக்கா ஆபீஸ் வாசலில் சாதிச் சான்றிதழுக்கு அப்பன் காத்து நின்றான். ரயில் மேடையில் ஆத்தா காத்து நிற்கிறாள்.

ஆகவே, வேண்டாம் என்று மட்டும் சொல்கிற மனுவில் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. ஏழைக்கு மெதுவான ரயிலே போதும் என்று அந்த மனு தன்னை அறியாமல் சொல்கிறது. மோசமாக இருப்பதால்தான் இது நமக்கு மிச்சமிருக்கிறது, சரிசெய்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம் நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்தையே கொள்கையாக்கினால், நம் கையாலேயே நாம் பழைய சோற்றைக் கேட்டு வாங்குகிறோம்.

*

அம்பேத்கர் தன் சிறுவயது ரயில் பயணம் ஒன்றை எழுதியிருக்கிறார். 1901-ஐ ஒட்டிய காலம். சதாராவிலிருந்து அப்பாவைப் பார்க்கப் போகிற பிள்ளைகள் நல்ல உடை உடுத்தி ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார்கள். கூட்டிப்போக ஆள் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். மகர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறிவிடுகிறது. மாட்டுவண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு, வண்டிக்காரன் கூட நடந்து வர, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் ராத்திரியில் போகிறார்கள்.

இதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ரயிலைப் பற்றி யோசிக்கிறபோதுதான் ஒன்று உறைத்தது. டிக்கெட் வாங்கிய பிள்ளைகளை ரயில் சுமந்தது. சாதி, ரயில் நிலைய வாசலில் மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ரயில் வந்தால் சாதி ஒழியும் என்று நம்பியவர்கள் அந்த வாசலைக் கவனிக்கவில்லை. இங்கேயும் 1941 வரை தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரும் அவர் இயக்கத்தவரும் போராடித்தான் அது போனது. பெட்டி பொது, பந்தி தனி.

நம் மசூர் எது? திருவான்மியூர் நிலையத்திலிருந்து கண்ணகி நகர் வரைக்குமான தூரம்தான். அந்தத் தூரத்துக்கு ரயில் இல்லை. பழைய மாமல்லபுரம் சாலையில் மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. கணினிக் கம்பெனிகளுக்காக எழுந்த தூண்கள். ரயில் சாலையோடு நேராகப் போகும், நாங்கள் சாலையைவிட்டு உள்ளே இருக்கிறோம். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது பெரிய விஷயம், அம்மாவின் கையில் காசு நின்றது. ஆனால் இலவச பஸ்ஸும் நேரத்துக்கு வந்தால்தான் பஸ்.

*

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். வேளச்சேரிக்கு 2007-இல் வந்த பாதையைப் பரங்கிமலை வரை நீட்ட வேண்டியது 5 கிலோமீட்டர்தான். அதில் சுமார் அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வழக்கு நடந்து, வேலை பத்து வருஷத்துக்கும் மேல் முடங்கிக் கிடந்தது. பட்டாக்காரர்கள் தங்கள் நிலத்துக்கு நியாயமான விலை கேட்டார்கள். அதில் தப்பு இல்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமும் இல்லை. நான் கேட்பது இதுதான்: ஒரு துண்டுக் காகிதம் கையில் இருந்ததால் அரை கிலோமீட்டர் பத்து வருஷம் ரயிலை நிறுத்தியது. மூன்று தலைமுறை கரையில் வாழ்ந்த நாங்கள் ஒரு நாள்கூட நிறுத்த முடியவில்லை. உழைத்த வருஷங்களையும் வாழ்ந்த வருஷங்களையும் உரிமையாக எழுதுவதற்கு ஏன் காகிதம் இல்லை?

ஒருமுறை அப்படி ஒரு காகிதம் எழுதப்பட்டது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றிக் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் வெள்ளைக்கார அரசாங்கம் நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம். அந்த உத்தரவின் அறிவு நிலத்தில் இல்லை, நிபந்தனையில் இருந்தது. முதல் பத்து வருஷம் யாருக்கும் மாற்றக் கூடாது, அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டுமே மாற்றலாம். சும்மா கொடுத்தால் பலசாலி வாங்கிக்கொள்வான் என்று தெரிந்தே அந்த நிபந்தனையைப் போட்டார்கள். நிபந்தனை மீறப்பட்டது வேறு கதை. காரணையில் மீட்கப் போனவர்கள்மேல் 1994-இல் துப்பாக்கி சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். மீறப்பட்டதாலேயே அந்த நியாயம் பொய்யாகிவிடாது.

அந்த நியாயத்தை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஒரு சனத்திடமிருந்து எடுத்ததால் உண்டான நன்மை, அந்தச் சனத்தைச் சேர வேண்டும். அது மேலே போய்விடாமல் இருக்க நிபந்தனை வேண்டும். நஷ்டஈடு என்பது ஒரு நாள் கொடுத்துக் கணக்கு முடிப்பது. இது அப்படி முடிகிற கணக்கு இல்லை. எங்களை எடுத்துவிட்டு நட்ட தூணின்மேல் ரயில் ஓடுகிற காலம் வரை அந்த ரயிலில் எங்களுக்குப் பாத்தியதை உண்டு.

எனவே தோழர்களிடம் திரும்பப் போய் மனுவை மாற்றி எழுதலாம் என்றேன். வண்டியைக் கூட்டு. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று விடு. ஆனால் காலை நாலரைக்கும் ஐந்துக்கும் விடு, ராத்திரி ஓட்டல் மூடிய பிறகும் விடு. உச்ச நேரம் என்பது ஆபீஸ்காரனின் உச்ச நேரம் மட்டுமில்லை. கட்டணம் இன்றிருக்கிற ஐந்து ரூபாயைத் தாண்டக் கூடாது, இல்லையென்றால் பெண்களுக்குப் பஸ்ஸில் உள்ளதுபோல் இதிலும் செய். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்திலிருந்து ரயில் நேரத்தோடு சேர்கிற பஸ் விடு. நிலையங்களில் பாழாய்க் கிடக்கிற மாடிகளையும் சுற்றியுள்ள அரசு நிலத்தையும் விற்காதே. கால்வாய்க் கரையிலிருந்து எடுக்கப்பட்ட குடும்பங்களின் வாரிசுகளுக்கு வீடாகவும் கடையாகவும் கொடு, பஞ்சமி நிபந்தனையோடு கொடு. கூட்டுகிற வேலை முதல் வண்டி ஓட்டுகிற வேலை வரை ஒதுக்கீட்டோடு நிரந்தரமாக்கு.

ஒரு தோழர் கேட்டார்: "இதெல்லாம் கொடுப்பானா? கற்பனையா இல்லையா?" கொடுக்கமாட்டான் என்றுதான் நானும் நினைக்கிறேன். 1924-இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருவிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்தபோது, நாளைக் காலையே எல்லாத் தெருவும் திறந்துவிடும் என்று நினைத்திருக்கமாட்டார். நமக்கு எது சேர வேண்டும் என்பதை முதலில் நாம் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காததைத்தான் காலி என்கிறார்கள்.

*

கடைசியாக என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இப்போது ஓர் அரசு வேலை இருக்கிறது. மழை நாளில் மெட்ரோவில் போகிறேன். வண்டி சில நிமிஷத்தில் வந்துவிடுகிறது, குளிராக இருக்கிறது, உட்கார இடம் கிடைக்கிறது. அதற்குக் கொடுக்கிற காசு எனக்குப் பெரிசாகத் தெரிவதில்லை. ஒருநாள் சென்ட்ரலில் மெட்ரோவை விட்டு மேலே வந்து பூங்கா நகர் பறக்கும் ரயில் மேடைக்குப் போனேன். வண்டி வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். எரிச்சல் வந்தது. ஆட்டோ கூப்பிட்டுப் போய்விட்டேன். ஆட்டோவில் போகும்போதுதான், என் நேரத்துக்கு எப்போது விலை வந்தது என்று யோசித்தேன். அம்மா காத்திருந்த அந்த இருநூறு நாளில்தான் வந்தது. அம்மா மேடையில் குந்தியிருந்ததால் நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

நம்மில் படித்து வெளியே வந்தவர்களுக்கு இது ஒரு கேள்வி. நாம் வேகமான வண்டியில் ஏறிவிட்டோம். மேடையில் இன்னும் நிற்பவர்களைப் பார்த்து, அந்த ரயில் காலி என்று நம் வாயிலும் வருகிறதா? அல்லது, அவர்களுக்கு மெதுவான ரயிலே பத்திரம் என்று அவர்கள் சார்பில் நாமே முடிவு செய்கிறோமா? இரண்டுமே அவர்களைக் கேட்காமல் செய்வதுதான்.

மாற்றி எழுதிய மனுவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "காலைல நாலரை வண்டின்னு போட்டுக்கீற பாரு, அத்த மொதல்ல எழுது" என்றது. முதலில் எழுதினோம். அதன் கீழே முதல் கைநாட்டு அம்மாவுடையது. அதற்குக் கீழே என் கையெழுத்து.